வட்டு விலகலும் நுண்துளை அறுவை சிகிச்சையும்

“சிறு துளை வழியாகச் செய்யும் ஆபரேஷன்தானே, உடனே செய்துவிடுங்கள்” என்று கேட்போர் அண்மைக்காலத்தில் பெருகியுள்ளனர். துளையின் அளவைப் பற்றிப் பிறகு பேசலாம். அறுவை சிகிச்சை தேவையா என்பதை முதலில் காண வேண்டும்.

முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போல் அமைந்தவை வட்டுகள். மக்கள் ‘ஜவ்வு’ என்பது இவற்றையே. வட்டின் வெளிவளையம் உறுதியான நார்களால் ஆனது. உட்பகுதி கூழ் போன்றது. வளையம் வெடிக்கும்போது கூழ் பிதுங்கி, அருகிலுள்ள நரம்பு வேரை அழுத்துகிறது. அங்கு அழற்சியையும் தூண்டுகிறது. இடுப்புப் பகுதியின் கடைசி இரண்டு வட்டுகளிலேயே இது பெரும்பாலும் நிகழ்கிறது. அங்கிருந்து புறப்படும் நரம்புகள் காலுக்குச் செல்வதால், வலி பிட்டத்திலிருந்து பாதம் வரை இறங்குகிறது. ‘சயாட்டிகா’ என்பது இதுவே.

பிதுங்கிய துண்டைப் பல நேரங்களில் உடலே கரைத்துவிடுகிறது. வியப்பு என்னவெனில், வட்டிலிருந்து முற்றிலும் பிரிந்து வெளியேறிய பெரிய துண்டுகளே அதிகம் கரைகின்றன. ஆகவே ஸ்கேன் படத்தில் பெரிதாகத் தெரிவதைக் கண்டு மட்டும் அஞ்ச வேண்டியதில்லை. வலியே இல்லாத 20 வயதினரில் ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்கும், 80 வயதினரில் 84 சதவீதத்தினருக்கும் படத்தில் வட்டுப் புடைப்பு காணப்படுகிறது! வலிநிவாரண மருந்து, இயன்ற அளவு நடை, இயன்முறைப் பயிற்சி ஆகியவற்றுடன் 6 முதல் 12 வாரங்களில் பெரும்பாலோர் தேறுகின்றனர். வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்துவது அன்பினால் செய்யப்படும் தவறு. அது முதுகுத் தசைகளை நலிவுறச் செய்யும்.

ஆறு வாரங்களுக்குப் பின்னும் கால்வலி தணியாது, படத்தில் காணும் அழுத்தமும் வலியின் பாதையும் பொருந்தினால், அறுவை சிகிச்சையைப் பற்றி ஆலோசிக்கலாம். பாதத்தில் பலம் குறைந்து வந்தால் அவ்வளவு காலம் காத்திருக்கலாகாது. செருப்பு தானாக நழுவுவதும், நடக்கையில் முன்பாதம் தரையில் இடறுவதும் அதன் அடையாளங்கள்.

1970களில் மைக்ரோஸ்கோப்பின் துணையால் வெட்டு சிறிதாயிற்று. 1990களில், தசையை எலும்பிலிருந்து உரிக்காமல் நார்களை விலக்கிக் குழாய் செலுத்தும் முறை வந்தது. குழாயின் விட்டம் ஏறத்தாழ 16 முதல் 18 மில்லிமீட்டர். எண்டோஸ்கோப் முறையில் தோலில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த வெட்டே போதும். எம்முறையிலும் நரம்பை அழுத்தும் துண்டே அகற்றப்படுகிறது. வட்டின் பெரும்பகுதி அங்கேயே இருக்கும். இரத்த இழப்பு குறைவு. அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கலாம். ஆயினும் ஓராண்டு கழித்துப் பார்த்தால், வழக்கமான மைக்ரோஸ்கோப் முறைக்கும் இதற்கும் பலனில் பெரிய வேறுபாடு இல்லை.

இச்சிகிச்சை சிறப்பாகத் தீர்ப்பது கால்வலியை. மரத்துப்போன உணர்வு திரும்ப மாதங்கள் ஆகலாம். முதுகுவலி ஓரளவு எஞ்சலாம். நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு அதே இடத்தில் மீண்டும் பிதுங்கவும் கூடும். நரம்பு உறை கிழிதல், தொற்று ஆகியவை அரிது. ஆனால் இல்லாதவை அல்ல. முதற்சில வாரங்கள் தண்ணீர்க் குடத்தையும் எரிவாயு உருளையையும் வீட்டார் தூக்கட்டும்.

சிறுநீர் வெளியேறாமல் தேங்குதல், மலம் அறியாது கழிதல், பிறப்புறுப்பைச் சுற்றி உணர்வு மரத்தல், இரு கால்களும் ஒருங்கே தளர்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் மறுநாள் புறநோயாளர் பிரிவுக்கு வரலாம் எனக் காத்திராதீர்கள். நள்ளிரவாயினும் அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். அந்நிலையில் அறுவை சிகிச்சைக்கு மணிக்கணக்கே கணக்கு.