வலிக்காத பாதம்

பால்மரம் வெட்டிய காலத்தில் பாட்டியின் காலில் முள் தைத்தால் உடனே தெரிந்தது; ஊசியால் எடுத்துவிட்டு நடந்தார். தோட்டத்தை விட்டு ஈப்போவில் குடியேறிய அவருக்கு இப்போது இனிப்புநீர். சிலிப்பருக்குள் கிடக்கும் கல்கூடத் தெரிவதில்லை. ஏறிய சர்க்கரை நரம்பைக் கெடுத்துவிட்டது. வலி இல்லாததால் புண்ணும் இல்லை என்று நம்புகிறார். இரத்த ஓட்டமும் குறைந்தால் அந்தப் புண் ஆறாது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டு இந்தியர்களில் பெரியவர்கள் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு.

பாதத்தை நாள்தோறும் பார்க்க வேண்டும். பாட்டியால் குனிய முடியாதென்றால், விடுமுறையில் வீடு செல்லும் நீங்கள் பாருங்கள். விரலிடுக்கை ஈரமின்றித் துடையுங்கள். காலாணியைப் பிளேடால் சீவுவது (நம் வீடுகளில் வழக்கம்தான்) வேண்டவே வேண்டாம். தைப்பூசத்தன்று கல்லுமலைக்கு வெறுங்காலோடு நடப்பதென்றால் மருத்துவரை முன்பே கேளுங்கள். தார்ச்சாலையின் சூடு அந்தப் பாதத்துக்கு உறைக்காது. சிவந்தாலோ நீர் கசிந்தாலோ, மஞ்சள் தடவிக் காத்திராமல் அன்றே கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.