யாரை எடுத்தார்கள், எதற்கு எடுத்தார்கள்

ஐபிஎல் ஏலம் நடக்கும் நாளில் டெல்லி கோல் மார்க்கெட் பக்கம் வந்தால் இரண்டு கட்சி இருப்பது தெரியும். மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்து, இங்கேயே அரசாங்க குவார்ட்டர்ஸில் வளர்ந்த எங்களுக்குச் சென்னை சூப்பர் கிங்ஸ். எங்களோடு தெருவில் ஆடி வளர்ந்த பஞ்சாபி, கட்வாலி நண்பர்களுக்கு டெல்லி. இரண்டு அணிகளின் ஏலத்தையும் ஒரே அக்கறையோடு பார்க்கும் பழக்கம் எனக்கு இப்படித்தான் வந்தது. சென்னை என் அணி. டெல்லி என் ஊர் அணி, ஆர்.கே. ஆசிரம மார்க்கில் மெட்ரோ ஏறி, மண்டி ஹவுஸில் மாறி டெல்லி கேட்டில் இறங்கினால் கோட்லா மைதானம்.

பல வருடம் பார்த்ததில் எனக்கு உறுதியாகியிருப்பது இதுதான்: ஒரு தேர்வைப் பற்றிப் பேசும்போது தொகையைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். எந்த வேலைக்காக அந்த ஆளை எடுத்தார்கள், அவர் வயது என்ன, அந்த வேலையை அவருக்குக் கொடுத்தார்களா என்பவை முதலில் வரவேண்டும். கோடிக் கணக்கிலேயே நின்றுவிடுகிறவர்களோடு நான் வாதம் செய்வதில்லை.

டெல்லிக்காரர்கள் இன்றும் ஆறாமல் பேசும் தேர்வு 2008-ல் நடந்தது. அது ஏலமே அல்ல. அந்த மார்ச்சில் கோலாலம்பூரில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை விராட் கோலி தலைமையில் இந்தியா வென்றது. அந்தப் பையன்களை ஏலத்தில் விடாமல், அணிகள் முறைவைத்து ஆள் எடுக்கும் டிராஃப்ட் முறையில் பிரித்துக்கொடுத்தார்கள். அமெரிக்கக் கால்பந்தில் ஆண்டுதோறும் நடப்பது இந்த மாதிரித் தேர்வுதான். அங்கே போன சீசனில் கடைசியில் வந்த அணிக்கு முதல் வாய்ப்பு, ஏழு சுற்று. 2000-ஆம் ஆண்டு அந்த வரிசையில் 199-வது ஆளாக எடுக்கப்பட்ட டாம் பிராடி பின்னால் ஏழு முறை சாம்பியன் ஆனார். ஆண்டுதோறும் அங்கே ரசிகர்கள் சண்டை போட்டுக்கொள்ளும் கேள்வியும் ஒன்றுதான்: இருப்பதிலேயே திறமையான பையனை எடுப்பதா, அணியில் இருக்கும் ஓட்டையை அடைப்பதா?

டெல்லி ஓட்டையை அடைத்தது. உள்ளூர்ப் பையன் கோலியை விட்டுவிட்டு, இன்னொரு உள்ளூர்ப் பையனான இடதுகை வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானை எடுத்தது. கோலி பெங்களூருக்குப் போனார். அன்றிலிருந்து வேறு சட்டை போடவில்லை. 2025 ஜூன் 3 அன்று அகமதாபாத்தில் அந்தச் சட்டையோடுதான் கோப்பையைத் தூக்கினார். டெல்லி இன்னும் ஒரு கோப்பைக்காகக் காத்திருக்கிறது.

ஆனால் அந்தத் தேர்வை முட்டாள்தனம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. அன்றைக்கு டெல்லியின் பேட்டிங்கைப் பாருங்கள்: சேவாக், கம்பீர், டி வில்லியர்ஸ், தில்ஷான், ஷிகர் தவான், தினேஷ் கார்த்திக். இதில் 19 வயதுப் பையனுக்கு எங்கே இடம்? சங்வான் அதே ஆண்டு ரஞ்சிக் கோப்பை வென்ற டெல்லி அணியில் இருந்தவர். 2009-ல் டெல்லி லீக் பட்டியலில் முதலிடம் பிடித்தபோதும் அந்த அணிக்காகப் பந்து வீசியவர். அன்று மேசையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் கணக்கு சரிதான்.

என் மறுப்பு வேறு இடத்தில் இருக்கிறது. 19 வயதுப் பையனை எடுக்கும்போது ஓட்டையைப் பார்க்கக் கூடாது. ஓட்டை ஒரு வருடத்தில் இடம் மாறிவிடும், பையன் பதினைந்து வருடம் ஆடுவான். இளையவர் என்றால் திறமை, வயதானவர் என்றால் வேலை. எந்தத் தேர்வைப் பார்த்தாலும் நான் முதலில் போட்டுப் பார்க்கும் உரைகல் இது.

வயதானவர் என்றால் வேலை என்பதற்கு 2018-ஐவிட நல்ல உதாரணம் இல்லை. இரண்டு வருடத் தடைக்குப் பின் சென்னை திரும்பிவந்த ஏலம். பெங்களூரில் ஜனவரி 27, 28 தேதிகளில் நடந்தது. ஷேன் வாட்சன் 4 கோடி, அம்பதி ராயுடு 2.2 கோடி, டு பிளெசி 1.6 கோடி, ஹர்பஜன் 2 கோடி, இம்ரான் தாஹிர் 1 கோடி. முதியோர் அணி என்று நாடே பேசியது. அஸ்வின் 7.6 கோடிக்குப் பஞ்சாபுக்குப் போனதில் எங்கள் குவார்ட்டர்ஸ் மாமாக்களுக்குப் பெரிய வருத்தம். ஆனால் அந்தப் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை எழுதியிருந்தது. ராயுடுவை மேல்வரிசையில் இறக்கினார்கள், 602 ரன் அடித்தார். வாட்சன் மும்பையில் நடந்த இறுதி ஆட்டத்தில் 117 ரன் எடுத்து அவுட் ஆகாமல் நின்றார். அதே ஏலத்தில் 80 லட்சத்துக்கு வந்த தீபக் சாஹருக்குப் புதுப் பந்து கொடுக்கப்பட்டது. அந்த 80 லட்சம்தான் அன்றைய நல்ல தேர்வு என்று இப்போதும் சொல்வேன்.

இனி தொகைக்கு வருகிறேன். ஒரு ஆட்டக்காரரின் விலை அவருடைய திறமையிலிருந்து மட்டும் வருவதில்லை. அந்த அறையில் அந்த நிமிடம் யார் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதிலிருந்தும் வருகிறது. இதைப் புரிந்துகொள்ள 2008 பிப்ரவரி 20-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அணிக்கும் 50 லட்சம் டாலர். சச்சின், சேவாக், கங்குலி, டிராவிட், யுவராஜ் ஐவரும் அவரவர் ஊர் அணிக்கு ஐகான்கள். ஐகானுக்கு, அந்த அணி ஏலத்தில் அதிக விலை கொடுத்து எடுத்தவரைவிட 15 சதவீதம் கூடுதலாகத் தரவேண்டும் என்பது விதி. சென்னைக்கு ஐகான் கிடையாது. தோனியின் விலை 15 லட்சம் டாலரைத் தொட்டபோது, மும்பை அவரை எடுத்திருந்தால் சச்சினுக்கு 17.25 லட்சம் கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டு பேருக்கே 32 லட்சத்துக்கு மேல் போய்விடும். சென்னைக்கு அந்தக் கட்டு இல்லை. சென்னை மேசையில் தேர்வுப் பொறுப்பில் இருந்தவர் நம் தமிழ்நாட்டின் பழைய தொடக்க ஆட்டக்காரர் வி.பி. சந்திரசேகர். ஐகான் இல்லாததை ஊர் குறையாகப் பார்த்தது. அதுவே சென்னைக்குக் கை கொடுத்தது.

அதனால் ஏலத்தன்று ஒரு தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அணிகளின் பெயருக்கு எதிரே மூன்று எண் போதும்: கையில் மிச்சமிருக்கும் தொகை, நிரப்ப வேண்டிய இடம், அதில் வெளிநாட்டுக்காரர்களுக்கான இடம். 25 பேருக்கு மேல் அணியில் வைக்க முடியாது, வெளிநாட்டவர் எட்டுப் பேர்தான், ஆடும் பதினொருவரில் நால்வர்தான். இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஒரு விலை ஏன் திடீரென்று ஏறுகிறது என்பது வர்ணனையாளர் சொல்லாமலே தெரியும். ஒரே மாதிரியான ஆள் தேவைப்படும் இரண்டு அணி, இரண்டின் பையிலும் பணம், பட்டியலில் அதற்குப் பிறகு அந்த மாதிரி வேறு ஆள் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் 20 லட்சம் 8 கோடி ஆகும்.

ஆகியிருக்கிறது. 2018 டிசம்பரில் ஜெய்ப்பூரில் வருண் சக்கரவர்த்தியின் பெயர் வந்தபோது அடிப்படை விலை 20 லட்சம். கட்டடக் கலை படித்துவிட்டுக் கிரிக்கெட்டுக்குத் திரும்பியவர். அந்த ஆண்டு தமிழ்நாட்டு லீகான டிஎன்பிஎல் கோப்பை வென்ற மதுரை அணியில் பந்து வீசியவர். பஞ்சாப் 8.4 கோடிக்கு எடுத்தது. ஒரே ஒரு ஆட்டம் ஆடினார், அதிலும் அடி வாங்கினார், காயம் வந்தது, விட்டுவிட்டார்கள். அடுத்த ஏலத்தில் கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்தது. பாதி விலைதான், ஆனால் நடு ஓவர்கள் உன்னுடையவை என்று சொல்லி, ஆண்டுக்கணக்கில் அதை மாற்றவில்லை. 2024-ல் கொல்கத்தா கோப்பை வென்றபோது அவர் எடுத்தது 21 விக்கெட். அடுத்த ஆண்டு சாம்பியன்ஸ் டிராபியில் துபாயில் நியூசிலாந்தின் ஐந்து பேரை வெளியேற்றினார். ஆள் அதே ஆள். 8.4 கோடிக்கு வீண் என்றும் 4 கோடிக்கு லாபம் என்றும் பேசுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

நடராஜன் கதை எனக்கு இன்னும் நெருக்கம், ஏனென்றால் அது என் ஊர் அணியில் நடந்தது. சேலம் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த வேகப்பந்து வீச்சாளர். 2017-ல் 10 லட்சத்தில் தொடங்கி 3 கோடி, அடுத்த ஆண்டு ஹைதராபாத்துக்கு 40 லட்சம், 2020-ல் யார்க்கர் மழை, பிறகு இந்திய அணியோடு ஆஸ்திரேலியா. 2024 நவம்பரில் ஜெட்டாவில் டெல்லி அவரை 10.75 கோடிக்கு எடுத்தபோது இங்கே தமிழ் வீடுகளில் திருவிழாதான். சீசன் வந்தது. அவர் ஆடிய ஆட்டங்கள் மிகச் சில. மாடி வீட்டு மாமா என்னைப் பார்க்கும்போதெல்லாம், “ஏண்டா, அத்தனை கோடி குடுத்து நம்ம புள்ளையப் பெஞ்சுல உக்கார வெச்சிருக்காங்களே?” என்பார். “அவர் போட வேண்டிய கடைசி ஓவரை ஸ்டார்க் போடறார் மாமா” என்பேன். 11.75 கோடிக்கு ஸ்டார்க்கையும் எடுத்துவிட்டு, அதே கடைசி ஓவர் வேலைக்கு இன்னொருவருக்கு 10.75 கோடி கொடுப்பது என்ன கணக்கு என்பதுதான் என் கேள்வி. நடராஜனிடம் கேட்க அதில் ஒன்றும் இல்லை.

இதே டெல்லி அதே ஏலத்தில் எனக்கு மிகவும் பிடித்த தேர்வையும் செய்தது. 2023 டிசம்பரில் துபாயில் சென்னை 8.4 கோடிக்கு எடுத்த சமீர் ரிஸ்வி, ஒரு சீசன் சோபிக்காததால் விடுவிக்கப்பட்டார். டெல்லி 95 லட்சத்துக்கு எடுத்தது. 2025 மே 24 அன்று ஜெய்ப்பூரில் பஞ்சாபுக்கு எதிராக 25 பந்தில் 58 ரன் அடித்து ஆட்டத்தை முடித்தார். சென்னை ரசிகர்களான நாம் அந்தப் பையனை 8.4 கோடி என்ற எண்ணை வைத்து எவ்வளவு வதைத்தோம் என்பதை நம்மவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். விலை ஏறியது அவன் கையில் இல்லை. ஏலப் பலகையைத் தூக்கியவர்கள் வேறு. இருபது வயதுப் பையன் ஏதோ கடனைத் திருப்பித் தரவேண்டியவன் போல நாம் பேசுவது எனக்குத் தாங்குவதில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. சாய் சுதர்சனை 2022-ல் குஜராத் 20 லட்சத்துக்கு எடுத்தது. அடுத்த ஆண்டு டிஎன்பிஎல்லில் டிராஃப்ட் முறை போய் முதன்முறையாக ஏலம் வந்தபோது கோவை அணி அவருக்கு 21.6 லட்சம் கொடுத்தது. உலகின் பெரிய லீகில் வாங்கியதைவிட ஊர் லீகில் அதிகம்! அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 2025-ல் 759 ரன்களோடு ஆரஞ்சுத் தொப்பி அவர் தலையில் இருந்தது. ஆகவே ஏலத்தைப் பற்றிப் பேச ஆசைப்படுகிறவர்கள் அக்டோபர் முதலே சையத் முஷ்டாக் அலி, ரஞ்சி ஆட்டங்களைப் பாருங்கள். டெல்லியில் இருப்பவர்களுக்கு இதில் வசதி அதிகம். கோட்லாவில் ரஞ்சி ஆட்டத்துக்குக் காசு வாங்குவதில்லை. பந்துவீச்சாளர் எந்த ஓவர் போடுகிறார், பேட்ஸ்மேன் எத்தனையாவது ஆளாக இறங்குகிறார் என்று பாருங்கள். ஹைலைட்ஸில் இது கிடைக்காது.

சீசன் நடுவில் காயம்பட்டவர்களுக்குப் பதிலாக வருபவர்களையும் தேர்வாகவே கணக்கில் எடுக்கிறேன். 2025-ல் சென்னை முதன்முறையாகக் கடைசி இடத்தில் முடித்தது. ஆனால் ஜெட்டாவில் யாரும் கேட்காத பிரெவிஸும், 17 வயது ஆயுஷ் மாத்ரேயும் அந்த நடுவழியில் வந்தவர்கள்தான். பெங்களூருக்கு எதிராக மாத்ரே அடித்த 94-ஐப் பார்த்தபோது, ஏல மேசையில் செய்யத் தவறியதை அணி தாமதமாகவாவது செய்தது என்று நிம்மதியானேன்.

2025 டிசம்பர் 16, அபுதாபி. சென்னை இரண்டு பையன்களுக்குத் தலா 14.2 கோடி கொடுத்தது: உத்தரப் பிரதேசத்தின் பிரசாந்த் வீர், ராஜஸ்தானின் கார்த்திக் சர்மா. ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கிய பிறகு, இடதுகைச் சுழலும் பேட்டிங்கும் தெரிந்த ஆளுக்கு இடம் காலியாக இருந்தது உண்மை. இளையவர்களை எடுத்ததை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். என் பயம் ஒன்றுதான்: பிரசாந்த் வீரை முதல் நாளே ஜடேஜாவின் நாற்காலியில் உட்காரவைத்துவிடக் கூடாது. அவர் நான்கு ஓவர் வீசுகிறாரா, ஆறாவதாகவா எட்டாவதாகவா இறங்குகிறார், இரண்டு ஆட்டம் சரியில்லை என்றால் வெளியே போகிறாரா என்பதை வைத்துத்தான் அந்தத் தேர்வைப் பற்றி என் கருத்தைச் சொல்வேன். அதுவும் ஐந்து ஆட்டம் முடிந்த பிறகு. டெல்லி அதே நாளில் ஜம்மு காஷ்மீரின் ஆகிப் நபியை 30 லட்சத்திலிருந்து 8.4 கோடி வரை துரத்தி எடுத்தது. ரஞ்சியில் புதுப் பந்தில் உழைத்து மேலே வந்தவர் அவர். புதுப் பந்தை அவர் கையில் கொடுத்தால் அது நல்ல தேர்வு. பதினைந்தாவது ஓவர் வரை காத்திருக்க வைத்தால், நடராஜனுக்குச் செய்ததை டெல்லி மறுபடி செய்கிறது என்று கோட்லாவின் கேலரியிலிருந்தே சத்தம் போட்டுச் சொல்வேன்.