உப்புக்கு அடியில் பார்க்க

சோலூர், நீலகிரி

அன்புள்ள கண்ணுக்கு,

சித்தப்பா எழுதுவது. உப்புப் பாறைக்கு அடியில் சீஸ்மிக் சர்வே எப்படி நடத்துவது என்று கம்ப்யூட்டர் மாடலில் முன்கூட்டியே பார்க்கும் வேலை கிடைத்திருப்பதாக எழுதியிருந்தாய். கடலுக்கே போகாமல் திரை முன்னால் உட்காருவதில் உனக்கு மனக்குறை. வேண்டாம். சர்வேயின் பாதி வெற்றி அங்கேதான் தீர்மானமாகிறது.

நம் முன்னறை ஜன்னலின் பழைய கண்ணாடி நினைவிருக்கிறதா? அதன் வழியே எதிர்ச் சரிவின் தேயிலை வரிசைகள் ஓரிடத்தில் நெளியும், ஓரிடத்தில் காணாமலே போகும். ஒரு முழம் தள்ளி நின்றால் மறைந்த வரிசை வந்துவிடும். உப்பும் அப்படித்தான். பக்கத்துப் படிவுகளில் வினாடிக்கு 2,000 முதல் 3,000 மீட்டர் வரை போகிற ஒலி அலை, உப்புக்குள் சுமார் 4,500 மீட்டர் வேகம் பிடிக்கும். உப்பின் மேற்பரப்போ கரடுமுரடு. நுழையும்போதும் வெளியேறும்போதும் அலை திசை மாறுவதால் கீழே சில இடங்களில் அலையே விழாது. விழாத அலையை எந்தக் கணக்கும் பிறகு மீட்டுத் தராது.

மெக்சிகோ வளைகுடாவின் மேட் டாக் எண்ணெய் வயலைப் படி. ஒலி எழுப்புவதும் எதிரொலியைப் பதியும் கேபிளை இழுப்பதும் ஒரே கப்பல் என்பதால் பழைய சர்வேக்களுக்கு ஒரு திசைப் பார்வைதான். பக்கவாட்டிலும் விலகி நின்று ஒலி எழுப்பினால் என்ன தெரியும் என்று பிபி நிறுவனத்தார் முதலில் மாடலில் ஓட்டிப் பார்த்தார்கள். அதன் பிறகே 2004-05இல் ஒலி எழுப்பத் தனிக் கப்பல்களை இறக்கினார்கள். உப்புக்கு அடியிலிருந்த படம் தெளிந்தது.

மாடலில் பூமியை வரைந்தவள் நீ. விடை உனக்குத் தெரியும். அதனால் எந்தச் சர்வே அமைப்பு எதைத் தவறவிடுகிறது என்று ஒப்பிட முடிகிறது. ஆனால் கடலுக்கு அடியில் இருக்கும் உப்பு நீ வரைந்த உப்பு அல்ல. அதன் அடிப்பரப்பை மூன்று நான்கு விதமாக மாற்றி வரை. எல்லாவற்றுக்கும் தாங்குகிற அமைப்பையே தேர்ந்தெடு. எண்ணெய் தேங்கும் பொறியே இல்லாத மாடல் ஒன்றும் செய். அதிலும் பொறி தெரிந்தால், அது படம் சொல்லும் பொய்.

நம் நாட்டில் உப்பைப் போல அடியிலிருப்பதை மறைப்பது தக்காண எரிமலைப் பாறையான பசால்ட். சௌராஷ்டிரத்தின் லோதிகாவில் அந்தப் பசால்ட்டைத் துளைத்துக் கடந்த பிறகுதான் மீசோசோயிக் காலப் படிவுகள் கிடைத்தன. நீ கற்பது நாளை அங்கேயும் உதவ வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. அறிக்கையில் அலை விழாத இடங்களைச் சிவப்பில் குறித்து, ‘இங்கே நமக்குத் தெரியாது’ என்று எழுது. கிணறு தோண்டப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டிய பக்கம் அதுதான்.

அன்புடன்,
சித்தப்பா