செல்போனில் தெரிகிற கோடு உங்கள் எல்லை அல்ல

“சாட்டிலைட்லயே பார்த்துட்டேன் சார், பக்கத்து வீட்டுக்காரன் ரெண்டு மீட்டர் உள்ள வந்துட்டான்.” நகராட்சிகளின் நகரமைப்புப் பிரிவில் இப்போது அடிக்கடி காதில் விழுகிற வசனம் இது. சொல்கிறவர் கையில் செல்போன். திரையில் செயற்கைக்கோள் படம், அதன் மேல் சர்வே நம்பரோடு ஒரு மஞ்சள் கோடு. கோடு பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் ஏறி நிற்கிறது. அவ்வளவுதான், மனு, வாய்த்தகராறு, வக்கீல் நோட்டீஸ் எல்லாம் அங்கிருந்தே கிளம்பிவிடுகின்றன. பொதுமக்களையாவது மன்னிக்கலாம். ஜி.ஐ.எஸ். படித்துவிட்டு உள்ளாட்சி வேலைக்கு வந்தவர்களே அந்தத் திரையைப் பிரிண்ட் எடுத்து ஆக்கிரமிப்பு அறிக்கையில் இணைக்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்தத் திரையில் இருப்பவை இரண்டு. கீழே படம், மேலே கோடு. இரண்டுமே தனித்தனியாகப் பிசகக்கூடியவை.

முதலில் படம். சந்தேகம் இருந்தால் கணினியில் கூகுள் எர்த் புரோவைத் திறந்து, உங்கள் ஊர்க் கோயில் குளத்தின் ஒரு மூலையில் புள்ளி வையுங்கள். பிறகு பழைய படங்களைக் காட்டும் வசதியைச் சொடுக்கி ஒவ்வொரு ஆண்டாகப் பின்னோக்கிப் போங்கள். புள்ளி ஒரு வருடம் படித்துறையில் இருக்கும், இன்னொரு வருடம் தண்ணீருக்குள் கிடக்கும், வேறொரு வருடம் தெருவில் நிற்கும். குளம் நகரவில்லை. செயற்கைக்கோள் ஒவ்வொரு முறையும் வேறு சாய்வில் படம் எடுக்கிறது. நிலத்தின் மேடுபள்ளத்தை வைத்து அதை நேராக்குகிறார்கள், நேராக்கியும் சில மீட்டர் மிச்சம் நிற்கிறது. இதில் எந்த வருடத்துப் படத்தை வைத்து நோட்டீஸ் அனுப்பப் போகிறீர்கள்? தவிர, படத்தில் உங்களுக்குத் தெரிவது மாடி; எல்லை இருப்பது தரையில். சாய்வாக எடுத்த படத்தில் மூன்று மாடிக் கட்டடத்தின் கைப்பிடிச்சுவர் அதன் அஸ்திவாரத்துக்கு நேர் மேலே விழாது.

அடுத்தது கோடு. அது எஃப்.எம்.பி. என்கிற புலப்படத்திலிருந்து வருகிறது. ஒரு புலப்படத்தை எடுத்து நிதானமாகப் பாருங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை என்று எதுவும் அதில் இருக்காது. மூலைக்கு மூலை போகிற ஜி லைன், அதிலிருந்து எல்லை வளைவுகளுக்குச் செங்குத்தாக எடுத்த அளவுகள், ஓரத்தில் எஃப் லைன் நீளங்கள், கல் இருக்கும் இடங்கள், இவைதான் இருக்கும். பழைய அளவுகள் லிங்க் கணக்கில் இருந்தவை. ஒரு லிங்க் சுமார் 20 சென்டிமீட்டர். கல்லிலிருந்து கல்லுக்கு எவ்வளவு தூரம் என்று சொல்வதற்காகப் போட்ட படம் அது. பூமி உருண்டையில் அந்தக் கல் எங்கே இருக்கிறது என்பதை அது சொல்வதே இல்லை.

அப்படியானால் அது செயற்கைக்கோள் படத்தின் மேல் எப்படி வந்து உட்கார்ந்தது? யாரோ உட்கார வைத்தார்கள். ரோடு, வாய்க்கால், வரப்பு என்று படத்தில் தெரிகிற எதனோடாவது பொருத்தி, கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் இழுத்து ஒட்ட வைத்தார்கள். அட்சரேகை, தீர்க்கரேகை உள்ள பழைய சர்வே வரைபடங்களோடு பொருத்தினாலும் சிக்கல்தான்; அவை எவரெஸ்ட் நீள்கோளக் கணக்கில் போட்டவை, ஜி.பி.எஸ். பேசுவது டபிள்யூ.ஜி.எஸ். 84 கணக்கு. இரண்டுக்கும் நடுவே தமிழ்நாட்டில் நூறு மீட்டருக்கு மேல் விலகல் உண்டு. அந்த நூறு மீட்டர் தப்பில் பெரிய ஆபத்தில்லை, யார் கண்ணிலும் உடனே பட்டுவிடும். குடியைக் கெடுப்பது கண்ணில் படாத மூன்று மீட்டர் தப்புதான்.

செல்போனின் நீலப் புள்ளி இன்னொரு கதை. திறந்த வெளியில் சாதாரணமாக 4.9 மீட்டர் ஆரத்துக்குள் இடம் காட்டும் என்பது அமெரிக்க அரசின் ஜி.பி.எஸ். தளமே தரும் கணக்கு. இரண்டு சுவருக்கு நடுவே உள்ள சந்தில் அதைவிட மோசமாகத்தான் இருக்கும். ஆகப் படம், கோடு, புள்ளி மூன்றிலும் மீட்டர் கணக்கில் பிழை. சண்டையோ இரண்டு மீட்டருக்கு. அறுபது அடி நீள மனையில் இரண்டு மீட்டர் என்றால் ஒரு சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. உங்கள் ஊரில் அதன் விலை உங்களுக்கே தெரியும்.

“அரசாங்கத் தளத்திலேயே இப்படித்தானே காட்டுகிறார்கள்?” என்று கேட்பார்கள். காட்டுவது நீங்கள் நிற்கிற இடம் எந்த சர்வே நம்பர் என்று தெரிந்துகொள்ள. பஸ்ஸின் பெயர்ப்பலகை ஊரைச் சொல்லும், உங்கள் வாசலைச் சொல்லாது. எல்லை எது என்பதற்கு 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் இருக்கிறது. எஃப் லைன் மனு போடுங்கள், கட்டணம் கட்டுங்கள், சர்வேயர் வந்து கல்லைக் கண்டுபிடித்து அங்கிருந்து அளக்கட்டும். கல் இல்லையே என்கிறீர்களா? காம்பவுண்டு கட்டும்போது அதைப் பிடுங்கி எறிந்தது யார்? கல்லைப் பேணுவது நில உடைமையாளரின் கடமை என்று அதே சட்டம்தான் சொல்கிறது.

வரைபடங்களைப் பற்றிய மற்றத் தப்பு நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மூச்சு வேண்டாம்.

ட்ரோன் விட்டால் சர்வே முடிந்தது என்பது ஒன்று. 2020-இல் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில் ட்ரோன் பறப்பதற்கு முன்னால் ஆட்கள் தெருத் தெருவாகப் போய் வீட்டு எல்லைகளில் சுண்ணாம்புக் கோடு போடுகிறார்கள். மேலேயிருந்து ட்ரோன் பார்ப்பது அந்தச் சுண்ணாம்பைத்தான். அண்ணனும் தம்பியும் எந்த இடத்தில் பாகம் பிரித்துக்கொண்டார்கள் என்று எந்தக் கேமராவுக்கும் தெரியாது.

வரைபடம் போட டெல்லியில் அனுமதி வாங்க வேண்டும் என்று இன்னும் ஃபைலைக் கிடப்பில் போடுகிறவர்கள் உண்டு. 2021 பிப்ரவரி 15-இல் அறிவியல் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல்களோடு இந்தியர்களுக்கு முன் அனுமதி தேவையில்லை என்றாகிவிட்டது. ஒரு மீட்டரைவிடத் துல்லியமான தரவுக்கான கட்டுப்பாடு வெளிநாட்டு நிறுவனங்களுக்கானது. ராணுவம் சார்ந்த இடங்களைக் குறிப்பதில் மட்டும் கவனம் வேண்டும்.

லட்சக்கணக்கில் மென்பொருள் வாங்க வேண்டும் என்பார்கள். 2002-லிருந்து வளர்ந்துவரும் கியூஜிஐஎஸ் இலவசம், களத்துக்கு எடுத்துப்போகும் கியூஃபீல்டும் இலவசம். பணத்தை மிச்சம் பிடித்து இரண்டு பேருக்குப் பயிற்சி கொடுங்கள்.

கம்ப்யூட்டர் சொன்ன பரப்பளவு தப்பாகாது என்பதைச் சொத்து வரிப் பிரிவில் இருப்பவர்கள் மட்டும் நின்று கேட்க வேண்டும். இணைய வரைபடங்களின் வெப் மெர்கேட்டர் கணக்கிலேயே பரப்பளவைத் தட்டையாகப் பெருக்கினால் சென்னையில் ஐந்தாறு சதவீதம் கூடுதலாக வரும். நூறு சென்ட் நிலம் நூற்றைந்தைத் தாண்டும். கன்னியாகுமரியில் இரண்டு மூன்று சதவீதம்தான் கூடும், ஆகவே ஒரே திருத்தத்தை எல்லா ஊருக்கும் போடவும் முடியாது. யு.டி.எம். கணக்குக்கு மாற்றுங்கள், மாற்றும்போது மண்டலத்தைப் பாருங்கள். 78 பாகை தீர்க்கரேகை நம் மாநிலத்தை நடுவில் வகிர்ந்துகொண்டு போகிறது. கோவை, ஈரோடு, திருநெல்வேலி நகரங்கள் 43-ஆம் மண்டலம். மதுரை, சேலம், சென்னை 44. திண்டுக்கல் மாவட்டம் இரண்டிலும் கால் வைத்திருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, நான் எங்கே போனாலும் சொல்வதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். சென்டிமீட்டர் துல்லியம் தேவையே இல்லாத, நீங்களே வரைந்து உடனே வெளியிடக்கூடிய எல்லை ஒன்று இருக்கிறது: வார்டு எல்லை. அரசிதழில் அது வடக்கே இந்தத் தெரு, கிழக்கே அந்தக் கால்வாய் என்று வாக்கியமாக வரும். இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் மங்கலான பி.டி.எஃப். குப்பை அள்ளும் ஒப்பந்ததாரர் ஒரு கோடு போட்டுக்கொள்கிறார், குடிநீர்ப் பிரிவு இன்னொன்று போட்டுக்கொள்கிறது. 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆகி, 155 வார்டுகள் 200 ஆயின. அந்த எல்லைகளை எல்லோரும் பயன்படுத்தும் ஃபைலாகத் திரட்டி வைத்தவர்களில் டேட்டாமீட் குழுவைப் போன்ற தன்னார்வலர்களும் இருந்தார்கள். உங்கள் அலுவலகக் கம்ப்யூட்டரில் தூங்குகிற வார்டு எல்லை ஷேப்ஃபைலை ஜியோஜேசனாக மாற்றி, எந்தத் தேதியில் யார் வரைந்தது என்று நான்கு வரி எழுதி இணையத்தில் போடுங்கள். தப்பாகப் பயன்படுத்திவிடுவார்கள் என்று கமிஷனர் தயங்கினால், பி.டி.எஃப்.பைப் பார்த்து ஆளுக்கொரு கோடு போட்டு ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று சொல்லிப் பாருங்கள்.