திரிதலும் இரத்தலும்: ஓர் ஆங்கில வினையை முன்னிறுத்திய சொல்லாய்வு

முன்னுரை

ஒரு மொழியின் சொல்லை மற்றொரு மொழியில் பெயர்க்கப் புகுவோர் முதலில் நாடுவது அகராதியை. அகராதி நேர்ச்சொற்களை வரிசையாகத் தரும். அவற்றுள் எது பொருந்தும் என்பதைச் சொல்லாது. அதனை அறிவதற்கு அவ்விரு மொழியாரின் வாழ்வையும் நோக்கையும் அறிதல் வேண்டும். இவ்வுண்மையை விளக்குதற்கு ஆங்கிலப் பேச்சு வழக்கிலுள்ள 'மூச்' என்னும் சிறு வினையை எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாகத் தமிழில் வழங்கும் சொற்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கில வினையின் இயல்பு

'மூச்' என்பது பிரித்தானிய வழக்கில் பெரும்பாலும் வேலையின்றிச் சோம்பித் திரிதலைக் குறிக்கும். அமெரிக்க வழக்கிலோ பிறரிடம் காசு கொடாமல் எதையேனும் பெற்றுக்கொள்ளுதலைக் குறிக்கும். மறைந்திருத்தல் என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லோடு அகராதியாசிரியர் இதனைத் தொடர்புபடுத்துவர். ஆகவே சோம்பல், திரிதல், இரந்து பெறல் ஆகிய மூன்றும் இவ்வொரு சொல்லில் அடங்கி நிற்கின்றன.

இதன் இனச்சொற்களும் கருதத்தக்கன. 'பம்' என்பது உலாவுதலைக் குறிக்கும் செருமானிய வினையோடு தொடர்புடையது. 'கேட்ஜ்' என்பது ஊர்ஊராகச் சென்று பொருள் விற்ற சிறு வணிகரின் பெயரோடு தொடர்புடையது. இன்றோ கெஞ்சிப் பெறுதலைக் குறிக்கிறது. 'ஸ்பாஞ்ச்' என்பது நீரை உறிஞ்சும் கடற்பஞ்சிலிருந்து பிறந்த உருவகம். ஒட்டுண்ணி என்று நாம் பெயர்க்கும் 'பாரசைட்' என்பது கிரேக்கத்தில் பிறர் உணவின் அருகிருந்து உண்பவன் என்னும் பொருளுடையது. உயிரியலுக்கு வருமுன் அது மனிதரைக் குறித்த சொல்லே. உலாவியவனும் தலைச்சுமை வணிகனும் காலப்போக்கில் இழிபொருளுக்கு இறங்கியமை இவற்றால் விளங்கும்.

சோம்பற் சொற்கள்

தமிழில் சோம்புதல், மடிதல், வாளா இருத்தல், சும்மா இருத்தல் என்பன ஒருபொருள் போலத் தோன்றும் சொற்கள். ஆயினும் இவை ஒன்றல்ல. 'மடி' என்பது முயற்சியைக் கெடுக்கும் குற்றம். திருவள்ளுவர் மடியின்மைக்கென 61ஆம் அதிகாரத்தை வகுத்து, காலம் நீட்டித்தல், மறதி, மடி, துயில் ஆகிய நான்கனையும் கெடுவார் விரும்பி ஏறும் மரக்கலமாகக் காட்டினார். 'வாளா இருத்தல்' என்பது குறிக்கோளின்மையை உணர்த்துமேயன்றிக் குற்றத்தை வலியுறுத்துவதில்லை. 'சும்மா' என்பதோ வியப்பிற்குரியது. பேச்சுவழக்கில் அது வீணே என்று பொருள்படும். தாயுமானவர் முதலிய சித்தாந்தச் சான்றோர் நெறியில் மனம் அடங்கிய நிலையின் உச்சத்தைக் குறிக்கும். வேலையற்றவனையும் ஞானியையும் ஒரே சொல்லால் சுட்டும் மொழியில், சொல்லை விட இடமே பொருளைத் தீர்மானிக்கிறது எனலாம்.

திரிதற் சொற்கள்

உலாவுதல், சுற்றுதல், திரிதல், அலைதல், உழலுதல் என்னும் ஐந்தனையும் வரிசைப்படுத்தி நோக்குக. உலாவுதலில் இன்பமும் பெருமிதமும் உண்டு. தலைவன் வீதியில் பவனி வருதலைப் பாடும் சிற்றிலக்கியத்திற்கு 'உலா' என்றே பெயர் அமைந்தது. சுற்றுதல் நடுநிலையானது. திரிதலில் நோக்கமின்மை புகுகின்றது. பால் திரிந்தது என்னும்போது இயல்பு கெடுதலையும் அச்சொல் உணர்த்துகிறது. அலைதலில் தேட்டமும் களைப்பும் உள்ளன. உழலுதலில் துன்பமே மேலோங்குகின்றது. எனவேதான் வறுமையில் உழன்றான் என்கிறோம், வறுமையில் உலாவினான் என்பதில்லை.

இவ்வகைப் பெயர்ச்சொற்களிலும் ஏற்றத்தாழ்வு காணலாகும். 'பரதேசி' என்பது வேற்று நாட்டான் என்னும் பொருளில் வந்த வடசொல். அயலூரான் இரந்துண்ணும் நிலையில் வந்தமையால் அது இரவலனைக் குறித்து, இன்று வசைமொழியாகவே ஆகிவிட்டது. இதற்கு மாறாக, 'முசாபர்' என்னும் அரபுச் சொல்லும் வழிப்போக்கனையே குறிப்பது. தமிழ் முஸ்லிம்களின் வழக்கில் அது மதிப்புக் குன்றாமல், விருந்தோம்பலுக்குரியவன் என்னும் குறிப்போடு நிலைபெற்றுள்ளது. இருவரும் அயலூரிலிருந்து வந்தவர்களே. ஒருவனைத் திண்ணையிலிருந்து எழுப்பும் சொல்லும், மற்றவனைத் திண்ணையில் அமர்த்தும் சொல்லும் நம் தமிழிலேயே அருகருகே வாழ்கின்றன.

தாழ்ந்த சொல் உயர்தலும் உண்டு. 'ஊர்சுற்றி' என்பது வீட்டில் வசையாக வழங்குவது. இராகுல சாங்கிருத்தியாயன் பயணத்தின் பெருமையை எடுத்துரைத்த நூல் தமிழில் 'ஊர்சுற்றிப் புராணம்' என்னும் பெயரோடு வந்தபோது, அவ்வசை விருதாயிற்று.

இரத்தற் சொற்கள்

இரத்தல், ஏற்றல், யாசித்தல், பிச்சை எடுத்தல், ஓசியில் பெறுதல் என்பன இவ்வகையின. தமிழிலக்கணம் இரத்தலை எத்துணை நுண்மையாக நோக்கியது என்பதற்குத் தொல்காப்பியமே சான்று. எச்சவியலில் ஈ, தா, கொடு ஆகிய மூன்றும் இரத்தற்குரிய சொற்களாகக் கூறப்படுகின்றன. இழிந்தோன் கேட்பது ஈ. ஒப்போன் கேட்பது தா. உயர்ந்தோன் கேட்பது கொடு. கேட்கும் பொருள் ஒன்றாயினும், கேட்பவன் நிலைக்கேற்பச் சொல் மாறுகின்றது.

திருவள்ளுவர் 106ஆம் அதிகாரத்தில் இரவினையும் 107ஆம் அதிகாரத்தில் இரவச்சத்தினையும் அடுத்தடுத்து வைத்தார். ஒளிக்காமல் தருவாரிடம் கேட்பதில் இழிவில்லை என்று முன்னதில் உரைத்தவர், இரந்துதான் வாழவேண்டுமெனில் உலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று பின்னதில் சினந்தார். அச்சினம் இரப்பவன் மீதன்று, இரக்க வைத்த நிலைமீது என்பது மாணவர் ஊன்றி நோக்கத்தக்கது.

சங்கப் பாணரும் பொருநரும் கூத்தரும் ஊர்ஊராகச் சென்றனர். வள்ளல்களிடம் பெற்று உண்டனர். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகளாக அமைந்துள்ளன. ஆங்கில வினையின் புற அடையாளங்களுள் திரிதலும் பெறுதலும் இவர்பால் உண்டு. ஆயினும் இவரை அவ்வினையால் சுட்டல் பெரும்பிழை. கலையைக் கொடுத்துப் பரிசிலைப் பெற்றவர் இவர். தம்மைக் காணாமலே அதியமான் அனுப்பிய பொருளைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார்; தாம் பொருளுக்காக மட்டும் வந்த வாணிகர் அல்லர் என்பது அவர் கருத்து. இது புறநானூறு தரும் செய்தி. பிற்காலத்தில் கீழக்கரை வள்ளல் சீதக்காதியை நாடிப் புலவர்கள் சென்றதும் இம்மரபின் தொடர்ச்சியேயாகும்.

ஆங்கில வினைக்கு மிக அணுகி நிற்பது 'ஓசி' என்னும் வழக்கு. கம்பெனி ஆட்சிக் காலத்தில் கட்டணமின்றிச் சென்ற அலுவல் அஞ்சல்களின் மேல் பொறித்த ஆங்கில எழுத்துகளிலிருந்து இச்சொல் பிறந்தது என்பது பரவலாக வழங்கும் விளக்கம். இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. பசித்தவன் சோறு கேட்டால் அதனை ஓசி என்று யாரும் சொல்வதில்லை. வாங்க வசதியிருந்தும் பிறர் செலவில் துய்ப்பவனையே அச்சொல் சுடுகிறது.

துணைவினையின் பங்கு

ஆங்கிலத்தில் இகழ்ச்சி வினையடிக்குள்ளேயே உறைகின்றது. தமிழில் அது பெரும்பாலும் துணைவினையில் வெளிப்படும். கீழ்வரும் தொடர்களை ஒப்பிடுக.

வேலை தேடிச் சென்றான்.
வேலை தேடி அலைந்தான்.
வேலை தேடித் திரிந்தான்.

முதல் தொடர் செய்தி. இரண்டாவதில் இரக்கம் உண்டு. மூன்றாவதில் நம்பாமை உண்டு. மூன்றிலும் செயல் ஒன்றே, இளைஞனும் ஒருவனே. மாறியது சொல்பவரின் மனம். இவ்வாறே, 'தூங்கினான்' என்பது இயல்பு. 'தூங்கிக் கிடந்தான்' என்பது ஏச்சு. ஆகவே 'மூச்' என்னும் வினையைப் பெயர்ப்போர் ஒரு தனிச்சொல்லைத் தேடாது, இடத்திற்கேற்பச் 'சும்மா சுற்றித் திரிந்தான்' என்றோ, 'ஓசியில் வாங்கிக்கொண்டான்' என்றோ தொடராக அமைத்தலே முறையாகும்.

சொல்லும் தீர்ப்பும்

இவ்வேறுபாடுகள் வகுப்பறையோடு முடிவனவல்ல. சொல் சட்டமாகும்போது அதன் விளைவு பெரிது. இங்கிலாந்தில் 1824இல் இயற்றப்பெற்ற நாடோடிகள் சட்டம், சோம்பித் திரிவோரையும் இரப்போரையும் வீடின்றி வெளியில் உறங்குவோரையும் தண்டனைக்குரியோர் வரிசையில் வைத்தது. அதனை நீக்க வகைசெய்யும் சட்டம் 2022இல்தான் அங்கு இயற்றப்பெற்றது. சென்னை மாகாணத்தில் 1945இல் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. தலைநகர்க்கும் விரிவுபடுத்தப்பட்டிருந்த 1959ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டத்தில், இரத்தலைக் குற்றமாக்கிய பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை எனத் தில்லி உயர்நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. சோம்பலால் திரிபவனும் இல்லாமையால் அலைபவனும் ஒரே சொல்லில் அடைக்கப்பட்டால், இருவர்க்கும் ஒரே தண்டனை கிடைக்கும் என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

வீட்டிலும் இதுவே நிகழ்கின்றது. பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருக்கும் மகனைத் 'தண்டச்சோறு' என்று அழைக்கும் தந்தை, அகராதிப்படி ஒரு சொல்லைத்தான் சொல்கிறார். ஆனால் அச்சொல் அவனது அலைதலைத் திரிதலாக மாற்றிவிடுகின்றது. நாள்தோறும் அதனைக் கேட்பவன், ஒருநாள் தேடுவதையே விட்டுவிடவும் கூடும்.

முடிவுரை

மூன்று பொருளை ஒரு சொல்லில் அடக்குவது ஆங்கிலப் பேச்சு வழக்கின் சுருக்கம். ஒரு செயலைப் பல சொல்லாகப் பகுத்துக் காண்பது தமிழின் நுட்பம். இரண்டும் அவ்வம்மொழிக்கு அழகே. எனினும் நம் மொழி உலாவுதலுக்கும் உழலுதலுக்கும் இடையே இத்தனை படிகளை அமைத்துத் தந்திருக்க, நாம் எல்லோரையும் ஒரே படியில் நிறுத்துதல் தகாது. மொழிபெயர்ப்புப் பயிலும் மாணவர், 'இதற்குத் தமிழில் என்ன சொல்?' என்று கேட்பதோடு நில்லாது, 'இச்சொல்லை யார், யாரை நோக்கி, என்ன மனத்தோடு சொல்கிறார்?' என்றும் கேட்டுப் பழகுதல் வேண்டும். அவ்வினா பெயர்ப்பைச் செம்மையாக்கும். பேசுவோர் நெஞ்சையும் செம்மையாக்கும்.