குளிர்காலமும் எமது தோலும்

ஒக்ரோபர் மாதத்தில் மவுண்ட் றோயல் மலைப்பக்கம் போனால் ஒரு பாடம் படிக்கலாம். மேப்பிள் மரங்கள் இலைகளிலுள்ள சத்தை உள்ளிழுத்துக்கொண்டு இலைகளை உதிர்க்கின்றன. கோடையில் சேமித்த மாப்பொருளைக் குளிரில் சீனியாக மாற்றுகின்றன. நாம் உண்ணும் மேப்பிள் பாணி அந்தச் சீனிதான். அங்கு வாழும் மார்மொட் என்னும் விலங்கு உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு வளைக்குள் உறங்கிவிடும். நிமிடத்துக்குச் சுமார் 80 தடவை துடிக்கும் அதன் இதயம் அப்போது 5 தடவை அளவில்தான் துடிக்கும்.

இவை இந்த மண்ணின் குளிருக்கு இசைவாக்கம் பெற்றவை. எமது உடலும் இசைவாக்கம் பெற்றதுதான். ஆனால் வேறொரு வெயிலுக்கு!

கரிய தோல் ஏன்?

யாழ்ப்பாணம் வடக்கு அகலக்கோடு 10 பாகைக்கு அருகில் உள்ளது. அங்கு ஆண்டு முழுவதும் கடும் வெயில். தோலிலுள்ள மெலனின் என்னும் நிறப்பொருள் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து எம்மைக் காக்கிறது. அதே கதிர்களால்தான் தோலில் விற்றமின் டி உண்டாகிறது. எனவே வெள்ளைத் தோலைவிடக் கரிய தோலுக்குக் கூடுதல் நேரம் வெயில் வேண்டும். ஊரில் அதற்குக் குறைவில்லை.

இங்கு என்ன நடக்கிறது?

மொன்றியல் 45 பாகைக்கு மேலே உள்ளது. எமக்குத் தெற்கேயுள்ள பொஸ்ரனிலேயே நவம்பர் முதல் பெப்ரவரி வரை தோலில் விற்றமின் டி உண்டாவதில்லை என 1988இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்த விற்றமின் குறைந்தால் உடல் கல்சியத்தைச் சரிவர உறிஞ்சாது. பெரியவர்களுக்கு எலும்பு நோவும் தசைப் பலவீனமும் வரலாம். குழந்தைகளுக்குக் கால் எலும்பு வளையும் றிக்கற்ஸ் நோய் ஏற்படலாம்.

தாய்மாரின் கவனத்துக்கு

ஊரில் குழந்தையைக் காலை இளவெயிலில் காட்டுவது வழக்கம். இங்கு யன்னலோரம் படுக்கவைப்பதால் அந்தப் பயன் கிடையாது. தேவையான கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடும். தாய்ப்பால் மிகச் சிறந்த உணவு. ஆனால் அதில் விற்றமின் டி மிகக் குறைவு. எனவே தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு நாளொன்றுக்கு 400 அலகு கொண்ட சொட்டு மருந்து கொடுக்குமாறு கனடிய சுகாதாரத் திணைக்களம் கூறுகிறது. கோடையிலும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை நேரடி வெயிலில் வைக்கக் கூடாது.

ஏனையோருக்கு

• 70 வயது வரை நாளொன்றுக்கு 600 அலகும், அதற்கு மேல் 800 அலகும் தேவை.
• கனடாவில் விற்கும் பசுப்பாலில் விற்றமின் டி சேர்ப்பது கட்டாயம். சமன், மத்தி போன்ற கொழுப்புள்ள மீன்களிலும் முட்டை மஞ்சட்கருவிலும் இது உண்டு. ரின் மீனும் நல்லதே.
• 50 வயதைக் கடந்தவர்கள் உணவுடன் 400 அலகு மாத்திரையும் எடுப்பது நல்லது.
• அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. வைத்தியர் சொல்லாமல் 4000 அலகுக்கு மேல் எடுக்க வேண்டாம்.

மேப்பிள் மரம் குளிர் வருமுன்பே ஆயத்தமாகிவிடுகிறது. நாமும் முதற்பனி விழுமுன் குடும்ப வைத்தியருடன் இதுபற்றிப் பேசுவோம்.