மழைக்கு நிற்கும் ஆட்டம் வெயிலுக்கும் நிற்குமா?

கேள்வி: 2019-ல் நம் அணி நியூசிலாந்து போயிருந்தபோது, முதல் ஒருநாள் ஆட்டத்தைச் சூரியனைக் காரணம் காட்டி அரை மணி நேரம் நிறுத்தி வைத்தார்களாம். மழைக்கு நிறுத்துவார்கள், இருட்டினால் நிறுத்துவார்கள். வெயிலுக்குமா? அக்னி நட்சத்திரத்தில் உச்சி வெயிலில் ஆடுகிறவர்கள் நாங்கள். அந்த ஊர் வெயில் அப்படியென்ன வெயில்?
– வாசகர் ஒருவர், தென்காசி

பதில்: அருமையான கேள்வி. அன்று மைதானத்தில் இருந்த ரசிகர்களும் இதையேதான் கேட்டிருப்பார்கள். நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. 2019 ஜனவரி 23 அன்று நேப்பியர் நகரின் மெக்லீன் பார்க் மைதானத்தில் நடந்தது. முதலில் ஆடிய நியூசிலாந்து 157 ரன்னுக்குச் சுருண்டது. குல்தீப் யாதவ் 4 விக்கெட், முகமது ஷமி 3 விக்கெட். இந்தியா பத்து ஓவர் ஆடி ஒரு விக்கெட் இழந்திருந்த நேரத்தில், மேற்கே இறங்கிக்கொண்டிருந்த சூரியன் கண்ணில் அடிக்கிறது என்று நடுவர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். வானத்தில் மேகமே இல்லை, ஆட்டக்காரர்கள் வெளியே போகிறார்கள். தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை விலக்கிவிடுவோம். ஆட்டத்தை நிறுத்தியது வெயிலின் சூடு அல்ல. சூட்டைப் பொறுத்தவரை நேப்பியர் மாலை உங்கள் ஊர் மார்கழிப் பகலுக்கு நெருங்கிய உறவு. அங்கே தொல்லை செய்தது சூரியன் நின்ற இடம். உச்சி வெயில் தலையைச் சுடும், கண்ணை மறைக்காது. ஹெல்மெட்டின் முன்விளிம்போ தொப்பியோ அதைத் தடுத்துவிடும். அடிவானத்துக்குப் பத்துப் பாகை மேலே நிற்கும் சூரியனை எந்தத் தொப்பியும் தடுக்காது. சாயங்காலம் மேற்கு நோக்கி பைக் ஓட்டிப் போயிருந்தால், எதிரே வரும் லாரி கடைசி நொடி வரை தெரியாமல் போகும் அந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும்.

ஏன் தெரியாமல் போகிறது? கண்ணுக்குள் நுழையும் பலத்த ஒளி, கண்வில்லையில் பட்டுச் சிதறி, விழித்திரை முழுவதும் ஒரு வெண்திரை போலப் பரவுகிறது. பார்க்க வேண்டிய பொருளுக்கும் அதன் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு அதில் கரைந்துவிடுகிறது. இதைக் கண்கூச்சம் என்கிறோம். வெள்ளைப் பந்து கண்ணுக்குத் தெரிவதற்காகத்தான் பந்து வீசுபவருக்குப் பின்னால் கறுப்புத் திரை வைக்கிறார்கள்; சைட் ஸ்கிரீன் என்பது அதுதான். அந்தத் திரைக்குச் சற்று மேலே சூரியன் உட்கார்ந்துகொண்டால் திரை இருந்தும் பயனில்லை. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து பேட்ஸ்மேனை எட்ட அரை நொடிக்கும் குறைவாகத்தான் ஆகிறது. அதில் முதல் பாதியைக் கண்கூச்சம் விழுங்கிவிட்டால், நெஞ்சுக்கு வரும் பவுன்சரைக் குனிந்து தப்பிக்கக்கூட அவகாசம் இராது. கறுப்புக் கண்ணாடி போட்டால் போதாதா என்று கேட்கலாம். அது சூரிய ஒளியையும் பந்தின் ஒளியையும் ஒரே அளவில்தான் மங்கலாக்கும். கரைந்துபோன வேறுபாட்டை அது மீட்டுத் தராது.

பேட்ஸ்மேனுக்கு மட்டும் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். மேற்கு முனையிலிருந்து பந்து வீசும்போது பேட்ஸ்மேனும் விக்கெட் கீப்பரும் சூரியனைப் பார்க்கிறார்கள். அடுத்த ஓவர் கிழக்கு முனையிலிருந்து வரும்போது வீசுபவரும் அவர் பின்னால் நிற்கும் நடுவரும் சூரியனைப் பார்க்கிறார்கள். பேட்ஸ்மேன் நேராக ஓங்கி அடித்தால் பந்து வெயிலுக்குள்ளிருந்து அந்த நடுவரை நோக்கி வரும். அவருக்கு ஹெல்மெட்டும் இல்லை, மட்டையும் இல்லை.

சரி, மற்ற ஊர்களில் ஏன் இப்படி நடப்பதில்லை? உலகின் பெரும்பாலான மைதானங்களில் ஆடுகளம் ஏறத்தாழ வடக்கு தெற்காக அமைந்திருக்கும். அப்போது காலைச் சூரியனும் மாலைச் சூரியனும் பேட்ஸ்மேனுக்குப் பக்கவாட்டில் நிற்கும். பாயின்ட்டிலோ ஸ்கொயர் லெக்கிலோ நிற்பவருக்குத்தான் கொஞ்சம் சிரமம். ஆடுகளம் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்று கிரிக்கெட் சட்டப் புத்தகத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. 22 கெஜம் நீளம், 10 அடி அகலம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. திசை என்பது அனுபவத்தில் வந்த வழக்கம் மட்டுமே. மெக்லீன் பார்க்கில் ரக்பியும் ஆடுகிறார்கள். அங்கே ஆடுகளம் கிழக்கு மேற்காக அமைந்துவிட்டது.

இதோடு நேப்பியரின் பூகோளமும் சேர்ந்துகொள்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அந்த ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ நாற்பது பாகை தெற்கே இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள நம் ஊர்களில் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக விழுகிறது. கடைசிப் பத்துப் பாகையைக் கடக்க நாற்பது நிமிடம் போதும். நேப்பியரில் அது சாய்வாக வழுக்கிக்கொண்டு இறங்குவதால் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. கூடவே, கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும் வழக்கம் உண்டு. ஆகவே ஜனவரியில் சூரியன் மறைய இரவு எட்டரை ஆகிவிடும். ஆட்டம் தொடங்கியது அங்கே மாலை 3 மணி. இந்தியாவில் அப்போது காலை 7.30. கணக்குப் பார்த்தால், இரண்டாவது அணி இன்னிங்ஸைத் தொடங்கி நிலைகொள்ளும் வேளையில் சூரியன் ஏறத்தாழ நேர் மேற்கில், தாழ்வாக, ஆடுகளத்தின் கோட்டிலேயே வந்து நிற்கும். நியூசிலாந்து 38 ஓவரிலேயே ஆட்டமிழந்ததால் இந்தியா முன்கூட்டியே களமிறங்க நேர்ந்தது.

நடுவர்களுக்கு அந்த அதிகாரம் உண்டா என்பது அடுத்த சந்தேகம். ‘போதிய வெளிச்சமில்லை’ என்று கேட்டே பழகியதால், வெளிச்சம் குறைந்தால் மட்டுமே நிறுத்தலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தரை, வானிலை, வெளிச்சம் ஆகியவற்றில் எதனாலும் ஆட்டக்காரருக்கோ நடுவருக்கோ ஆபத்து என்றால் ஆட்டத்தை நிறுத்தலாம் என்கிறது. வெளிச்சம் குறைந்தாலும் கூடினாலும் ஆபத்து ஆபத்துதான். முன்பெல்லாம் நடுவர்கள் பேட்ஸ்மேனிடம் ‘ஆடுகிறீர்களா, போகிறீர்களா’ என்று கேட்பார்கள். 2010-க்குப் பிறகு அந்த முடிவு முழுக்க நடுவர்களுடையது. அன்று அவர்கள் செய்தது சரி என்பதே என் கருத்து. அப்போது மட்டையோடு நின்ற ஷிகர் தவானுக்கு மட்டுமல்ல, அவருக்கு எதிரே பந்து வீசியவருக்கும் அது நியாயம்.

அரை மணி நேரம் போனதே, இலக்கு என்னவாயிற்று என்றும் கேட்பீர்கள். ஒரே ஒரு ஓவர்தான் குறைந்தது; 158 என்ற இலக்கு 49 ஓவரில் 156 ஆனது. இது டக்வொர்த்–லூயிஸ்–ஸ்டெர்ன் கணக்கு. கையிலுள்ள ஓவர்களையும் விக்கெட்டுகளையும் சேர்த்து ‘வளம்’ என்று அளந்து, வளம் எவ்வளவு குறைந்ததோ அந்த விகிதத்தில் இலக்கைக் குறைக்கும் முறை. ஒரு ஓவர் போனால் வளம் சுமார் ஒரு சதவீதம்தான் குறையும், அதனால்தான் இரண்டே ரன். இந்தியா 34.5 ஓவரில் எட்டு விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. தவான் ஆட்டமிழக்காமல் 75. தொடரும் 4–1 என்று நமக்கே வந்தது.

சூரியனால் ஆட்டம் நின்றது உலகத்திலேயே இதுதான் முதல் தடவை என்று சிலர் எழுதினார்கள், அதுவும் சரியல்ல. இங்கிலாந்தின் டெர்பி மைதானத்திலும் ஆடுகளங்கள் கிழக்கு மேற்காக இருந்தன. தாழ்ந்த சூரியன் அங்கே ஆட்டத்தை நிறுத்தியதுண்டு. பிறகு அவற்றைத் தொண்ணூறு பாகை திருப்பிப் போட்டார்கள். மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டும் அப்படித்தான்: எத்தனையோ டெஸ்ட்டுகள் கண்ட அந்தக் கிழக்கு மேற்கு ஆடுகளத்தை 2010 பருவம் முடிந்ததும் கிளறி, வடக்கு தெற்காகப் புதிதாக அமைத்தார்கள். 2019 உலகக் கோப்பை அரையிறுதியில் நியூசிலாந்திடம் நாம் தோற்றது அந்தத் திருப்பிப் போட்ட ஆடுகளத்தில்தான். ஆக, மருந்து இல்லாத நோயல்ல. ஆனால் திருப்புவது என்றால் பல ஆண்டுகள் உருட்டி இறுகிய களிமண் படுகையை விட்டுவிட்டு, புதிதாக ஒன்றைப் போட்டு அது பதப்படும் வரை காத்திருக்க வேண்டும். பார்வையாளர் மாடம், கேமரா மேடை, சைட் ஸ்கிரீன் எல்லாவற்றையும் இடம் மாற்ற வேண்டும். ரக்பிக்கும் சேர்த்து அமைந்த மைதானத்தில் அது இன்னும் கடினம். அதுவரைக்கும், ஜனவரியில் நேப்பியரில் பகலிரவு ஆட்டத்தை மூன்று மணிக்குத் தொடங்காமல் இருப்பது செலவில்லாத வழி.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் பள்ளிக்கோ சங்கத்துக்கோ புதிதாக ஆடுகளம் போடுவதாக இருந்தால், மண் வெட்டுவதற்கு முன் ஒரு நாள் மாலை ஐந்து மணிக்கு அங்கே நின்று சூரியன் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பாருங்கள். கயிற்றை வடக்கு தெற்காகப் பிடியுங்கள்.